சாட்சிக் கையெழுத்து

தெற்கு ஆஸ்திரேலியாவின் வையாலா என்ற ஊரில் பத்தொன்பது வயதுப் பிரயனிக்கு அடிலெய்டில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. அங்கே தங்கிப் படிக்கத்தான் வழியில்லை. அரசாங்க உதவித்தொகையை நம்பி விண்ணப்பித்திருந்தாள்.

"இருபத்திரண்டு வயசு ஆகலையே. அதனால உங்க அப்பா சம்பளத்தையும் சேர்த்துத்தான் பார்ப்போம்," என்றார் உதவித்தொகை அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பார்த்த டெஸ்மண்ட். "சுரங்கத்துல அவர் வாங்குறது வரம்புக்கு மேல போகுது."

"அதுல எனக்கு ஒரு டாலர்கூட வராது. நான் வீட்டை விட்டு வந்து எட்டு மாசமாச்சு."

"ஏன் வந்தீங்க?"

பிரயனி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். டெஸ்மண்ட் வற்புறுத்தவில்லை, ஒரு படிவத்தை நகர்த்தினார். வீட்டில் இருக்கவே முடியாத நிலை என்றால் அப்பாவின் வருமானத்தைப் பார்க்கமாட்டார்கள். ஆனால் நிலைமை தெரிந்த யாராவது எழுதித் தர வேண்டும். பதினான்கு நாள் அவகாசம்.

யாருக்குத் தெரியும்? காயத்தைப் பார்த்துக் கேட்ட பள்ளி ஆசிரியையிடம் கதவில் இடித்துக்கொண்டதாகத்தான் சொல்லியிருந்தாள். இப்போது யார் வீட்டு சோபாவில் படுக்கிறாளோ, அந்தத் தோழிக்கும் 'அப்பாவோட சண்டை' என்பதற்கு மேல் தெரியாது. கண்ணால் பார்த்தவள் ஒருத்திதான்: அப்பாவின் இரண்டாவது மனைவி நோலீன்.

மறுநாள் நோலீன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் காத்து நின்றாள். வெளியே வந்த நோலீனின் முகம் பிரயனியைக் கண்டதும் வெளிறியது.

"இங்க எதுக்கு வந்தே? உங்கப்பனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்."

"அவர் என் தலையைச் சுவத்துல மோதினப்ப நீங்க அங்கதானே நின்னீங்க, நோலீன்?"

"நின்னேன்." பிரயனி நீட்டிய படிவத்தை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. பிரயனி வேலை பார்த்த பேக்கரியில் இறைச்சிப் பப்ஸ் கேட்டவருக்கு ஆப்பிள் பப்ஸைக் கொடுத்தாள். மீதிச் சில்லறையைத் தப்பாக எண்ணினாள். போன் அடித்தால் யாரென்று பார்க்காமல் எடுப்பதில்லை. நோலீன் படிவத்தை அப்பாவிடமே காட்டியிருந்தால்?

பதினான்காம் நாள் மதியமே அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். மூடுவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது நோலீன் உள்ளே வந்தாள். பிரயனியைப் பார்க்காமல் நேரே டெஸ்மண்டிடம் போய் மூன்று தாள்களை நீட்டினாள்.

அவர் நிதானமாகப் படித்தார். "இதெல்லாம் நீங்க பார்த்ததா?"

"ரெண்டு தாள் பார்த்தது. மூணாவது எனக்கு நடந்தது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு வீட்டுக்குப் போறீங்களா?"

"இல்ல. அவன் வியாழக்கிழமை வரைக்கும் சுரங்கத்து முகாம்லயே தங்கியிருப்பான். நான் இப்பவே போர்ட் பிரியில இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்புறேன். பெட்டி கார்ல இருக்கு."

பிரயனி எழுந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தவளை நோலீன் கையமர்த்தினாள்.

"அதெல்லாம் சொல்லாதே. அன்னைக்கே செய்திருக்கணும்."

மூன்று வாரம் கழித்துத் தொகை அனுமதியான கடிதம் வந்தது. வகுப்புகள் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றே பிரயனி அடிலெய்டுக்குப் பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நோலீன் போன் செய்வாள். மன்னித்துவிட்டாயா என்று அவள் கேட்டதில்லை. பிரயனிக்கும் அதற்குப் பதில் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் போனை எடுத்தாள்.