தங்கை மகள் கேட்ட கார்டு

எங்கள் வீட்டுச் சாமான் அறையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு இரண்டு வருடமாக உறுமிக்கொண்டிருந்தது. வருகிற விருந்தாளிகள், "உள்ள என்ன, மாவு அரைக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். நான் சிரித்து மழுப்புவேன். என் கணவர் மர்குலான் மட்டும், தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோல அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு காலத்தில் அதுபோல அறுபது இருந்தன. எங்கள் ஊர் எகிபாஸ்துஸில் நிலக்கரிக்குப் பஞ்சமில்லை, கரன்ட் மலிவு, கார்டுகளை அடுக்கிவைத்து கிரிப்டோ நாணயம் தோண்டினால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பாதி ஊர் கிறுக்குப் பிடித்து அலைந்த காலம் அது. மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் ஃபிளாட்டை விற்றுக் கார்டு வாங்கினோம். வாங்கினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் வாங்கினார், நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு நாணயம் தோண்டுகிறவர்களுக்குக் கரன்ட்டை நிறுத்தினார்கள், நாணயத்தின் விலை விழுந்தது, ஐம்பத்தொன்பது கார்டுகள் வந்த விலைக்குப் போயின. மிஞ்சிய ஒன்றைத்தான் அவர் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது மாமனார் விட்டுப்போன ஊர்க்கோடி வீட்டில் இருக்கிறோம். இங்கே குளிப்பதற்குக்கூட அடுப்பு மூட்ட வேண்டும்.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாராவது கேட்டால் மர்குலானிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். கூட்டாளி ஏமாற்றினான், கார்டு விற்றவன் ஏமாற்றினான், அந்த வருடம் வெயில் கொளுத்தியது. அதில் அவர் பெயர் மட்டும் வராது. தப்பு என்னுடையது என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், ஃபிளாட்டை நான் தலைமுழுகிவிடுவேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு வருடமாகக் காத்திருந்தேன்.

அவருடைய தங்கை ரௌஷானின் மகள் இன்கார், கல்லூரிக்காக அல்மாட்டி கிளம்பிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயில். கோடை முழுக்க ஃபோட்டோ கடையில் நின்று சம்பாதித்ததில் ஒரு கம்ப்யூட்டரை அவளே துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியிருந்தாள். பெட்டி, மூடப்போகிற கம்ப்யூட்டர் கிளப்பிலிருந்து வந்தது. பிராசசர், சீனாவில் ஏதோ பழைய சர்வரிலிருந்து கழற்றித் தபாலில் வந்தது. பெட்டியின் ஒரு பக்கத் தகடு காணாமல் போயிருந்ததால், ரௌஷானின் ரொட்டித் தட்டை வெட்டித் திருகியிருந்தாள். ரௌஷான் அதற்கு மூன்று நாள் கத்தினாள்.

"படிக்கிறதுக்காடி இவ்வளவும்?" என்று கேட்டேன்.

"விளையாடறதுக்கு அத்தை" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "நாங்க அஞ்சு பேரு. கிளப்புல ஒரே வரிசைல உக்காந்து ஆடுவோம். இப்ப ஒருத்தி ஓம்ஸ்க் போறா, ஒருத்தன் பாவ்லோதார், ரெண்டு பேரு அஸ்தானா. தினம் ஒரு மணி நேரம் ஆட்டத்துல சந்திக்கறதுன்னு பேசி வெச்சிருக்கோம். நான் மட்டும் வரலன்னா ஒரே மாசத்துல என்னை மறந்துருவாங்க."

எல்லாம் இருந்தது, கிராபிக்ஸ் கார்டுதான் இல்லை. கையிலிருந்த காசும் தீர்ந்துவிட்டது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்கை பிள்ளை தாய்மாமனிடம் வாழ்நாளில் மூன்று பொருள் கேட்கலாம். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்ன மாமனுக்குக் காலமெல்லாம் கை நடுங்கும் என்பார்கள். இன்கார் ஐந்து வயதில் அவருடைய சைக்கிளைக் கேட்டாள், பத்து வயதில் நரித்தோல் தொப்பியைக் கேட்டாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாள்.

"மூணாவது இன்னும் கேக்கலதானே நீ?" என்றேன்.

"ஐயோ, அத்தை! அந்தக் கார்டு மாமாவோட உசுராச்சே."

"உசுரு இல்லடி, சீக்கு. கேளு."

வியாழக்கிழமை தேநீருக்கு வந்தாள். பால் தேநீர், எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டை, வெண்ணெய் எல்லாம் வைத்தேன். மர்குலான் நல்ல குஷியில் இருந்தார்.

"அல்மாட்டியில போயி கம்ப்யூட்டர்ல ஆட்டுக்குட்டி மேய்க்கப் போறியாமே?"

"ஆமா மாமா. ஆனா குட்டி கண்ணுக்குத் தெரியணும்னா கார்டு வேணும்" என்றவள், கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மூணாவதக் கேக்க வந்திருக்கேன்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வெண்ணெய் தடவுவதில் மும்முரமாக இருந்தேன். எழுந்து சாமான் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்த உறுமல் நின்றது. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கார்டைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டி, அவள் நெற்றியில் முத்தமிட்டார். "நல்லா இரு" என்றார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பாவமாக இருந்தது. மனிதர் இவ்வளவு பெரிய மனசோடு கொடுத்துவிட்டாரே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இரண்டு நாள் அவருக்குப் பிடித்ததாகவே சமைத்துப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் இன்கார் வந்தாள். துண்டில் சுற்றிய கார்டை மார்போடு அணைத்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, நான் இத ஒடச்சுட்டேன்."

"என்ன ஆச்சு?" என்று நான்தான் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் வருது. ஆட்டத்தத் தொறந்தா திரை இருட்டாயிடுது. கழட்டி மாட்டினேன், தொடச்சேன், முப்பது தடவையாவது பண்ணிருப்பேன். நான்தான் எங்கயோ அழுத்திட்டேன் போல." துண்டோடு மேசைமேல் வைத்தாள். "மாமா கிட்ட இருந்தவரைக்கும் ரெண்டு வருஷம் நல்லாதானே ஓடுச்சு? மன்னிச்சிருங்க. மூணாவதும் எனக்கு வேணாம். கம்ப்யூட்டர அம்மா கிட்டயே விட்டுட்டுப் போறேன்."

மர்குலான் துண்டைப் பிரிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"நீ ஒடைக்கலம்மா" என்றார். "வேகமாத் தோண்டணும்னு அதுக்குள்ள இருக்கற புரோகிராம நான் மாத்தி எழுதியிருக்கேன். அப்படியே போட்டா ஆட்டம் ஓடாது. குடுக்கும்போதே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"இல்லன்னு சொல்லக் கூடாதே, அதனால குடுத்துட்டேன். ஓடலன்னா நீயே திருப்பிக் கொண்டாந்துருவேன்னு நெனச்சேன். இப்படி உன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு வந்து நிப்பேன்னு நெனைக்கல. தப்பு என்னோடது. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சின்னப் பெண்ணை இரண்டு நாள் அழவிட்டாரே என்ற கோபம் பாதி. நான் இரண்டு வருடம் காத்திருந்த வார்த்தை அவளுக்குப் போய்விட்டதே என்ற கோபம் மீதி. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்த கரண்டியை அடுப்படியில் வீசிவிட்டு, "உக்காந்துட்டே இருந்தா ஆச்சா? அவளுக்கு நாளைக்கு ரயிலு" என்றேன்.

பழைய புரோகிராமை ஒரு பென்டிரைவில் பத்திரமாக வைத்திருந்தார். மூவருமாக ரௌஷான் வீட்டுக்கு நடந்தோம். அங்கே ரொட்டித் தட்டைக் கழற்றி, கார்டை மாட்டி, ஏதேதோ தட்டினார். பத்து நிமிட வேலைதான். இன்கார் ஆட்டத்தைத் திறந்து, ஹெட்போனைக்கூட மாட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் ஒரு மலையும் ஒரு பாலமும் வந்தன. பாலத்தின்மேல் நான்கு உருவங்கள் குதித்துக்கொண்டிருந்தன. "ஏய், இன்கார் வந்துட்டாடா!" என்று ஸ்பீக்கர் அலறியது. "எங்கடி தொலைஞ்ச ரெண்டு நாளா? இங்க நாங்க செத்துச் செத்துப் பொழைக்கிறோம்!"

அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் பழைய கட்டிடத்தைத் தாண்டும்போது அவர் நின்றார். மூன்றாம் மாடியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

"ஜிபெக்" என்று என்னைக் கூப்பிட்டார். "இந்த ஃபிளாட்டும் என்னாலதான் போச்சு. வேற யாரும் காரணமில்ல."

என்னென்னவோ பதில்கள் இரண்டு வருடமாகச் சேர்த்துவைத்திருந்தேன். கடைசியில் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டேன்.

"பஸ் சத்தத்துல காதுல விழல. இன்னொரு தடவ சொல்லுங்க."

தெருவில் பஸ் எதுவும் இல்லை. அது தெரிந்தும், அவர் இன்னொரு தடவை சொன்னார்.