வீட்டு ஆள்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட்டில் வாடகைக்கு எடுத்த, கார் விடுகிற கராச்சுக்குள் ஆறு வருசம். சனிக்கிழமை என்றால் அஞ்சலாவுக்கு வேறு சோலி கிடையாது. தம்பி டெனிஸ்டன் பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்த, இரண்டு பேர் ஏறுகிற சின்ன விமானத்தைப் பொருத்தப் போய்விடுவாள். அவன் வெளியிலிருந்து தகட்டில் ஆணி அடிப்பான். அவள் இறக்கைக்குள் கையை விட்டு இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிப்பாள். தனி ஆளால் முடிகிற வேலையா அது? கலியாணம் கட்டாத ஐம்பத்தாறு வயதுக்காரி. கிழமையில் அந்த ஒரு நாள்தான் யாரோடாவது தமிழில் வாய் திறந்து பேசுவாள்.

“முடியட்டும் அக்கா, உங்களைத்தான் முதல் ஏத்துவன்,” என்பான். சும்மா சொல்லக்கூடாது, வாயைத் திறந்தால் தேன்தான். விமானம் முடிந்த பிறகு சனிக்கிழமைகளில் அவளை யாரும் கூப்பிடவில்லை. ஏறப்போகிற அந்த ஒரு நாளையே நினைத்துக்கொண்டு தனியே கிடந்தாள்.

சோதனைப் பறப்பெல்லாம் முடிந்து, ஆள் ஏற்ற அனுமதி வந்ததும், ஒரு ஞாயிறு பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு விமானத்தை மந்திரித்தார்கள். சின்ன விமானங்கள் ஏறி இறங்கும் புல்தரையில் சனம் திரண்டுவிட்டது. அஞ்சலா விடியவே எழும்பி இருநூறு றோல்ஸ் பொரித்துக்கொண்டு, காலுக்குப் புதுச் சப்பாத்தும் போட்டு வந்திருந்தாள்.

“முதல் சுவாமி ஏறுங்கோ,” என்றான் டெனிஸ்டன். சரி, சுவாமிதானே. பிறகு கனடாவிலிருந்து வந்த இன்னாசித்தம்பி மாமா. அதுவும் சரி, நாளைக்குப் போகிற மனிசன். பிறகு தம்பி பெண்சாதி லவினியாவின் தமையன், அவர் மனைவி, பக்கத்து வீட்டு யூலியா. பந்தியில் வந்தவர்களை இருத்திவிட்டு வீட்டுக்காரர் கடைசியாகச் சாப்பிடுகிற வழக்கத்தை ஆகாயத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள் எங்கள் ஆட்கள்!

“நீங்கள் வீட்டு ஆள்தானே மச்சாள், எப்பவும் ஏறலாம். இந்தத் தேத்தண்ணியை ஒருக்கால் குடுங்கோ,” என்றாள் லவினியா. அஞ்சலா கொடுத்தாள். விமானம் இறங்கும் ஒவ்வொரு தரமும் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்குப் போவாள். அதற்குள் வேறு யாராவது ஏறிவிடுவார்கள்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் நேரே போய்க் கேட்டாள். “தம்பி, எனக்கு இப்ப ஏறவேணும்.”

“ஐயோ அக்கா, ஏழு மணியாச்சு. இனி எழும்ப விடமாட்டாங்கள், சத்தமெண்டு அயல்சனம் முறையிடும். அடுத்த கிழமை பாப்பம்.”

“அடுத்த கிழமை லவினியாவின்ரை ஆக்கள் வருகினமெல்லோ?”

அவன் தலையைச் சொறிந்தான். “சரி, ஏறுங்கோ.”

இருக்கைப் பட்டியைத் தானே மாட்டிவிட்டான். இயந்திரம் உறுமியது. விமானம் புல்தரையில் உருளத் தொடங்க, அஞ்சலா மாதாவே மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால், புல்தரையின் கடைசி மட்டும் போய், திரும்பி, அப்படியே உருண்டு விமானக் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றிருந்தது. சக்கரம் ஒரு சாண்கூட எழும்பவில்லை. எல்லாரும் கைதட்டிப் படம் எடுத்தார்கள்.

அஞ்சலா, இவ்வளவு சனத்துக்கு நடுவில் தனக்கென்று ஒருவரும் இல்லையே என்று விம்மி விம்மி அழுதாள்.

“பாத்தியளே, அக்காவுக்குச் சந்தோசம் தாங்க ஏலாமல் கிடக்கு!” என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான் டெனிஸ்டன்.