பனிப்பிளவில் ஒரு சுருதிச் சண்டை

சுவிட்சர்லாந்தின் டியாவோலெத்சா மலை விடுதி வாசலில் இரண்டு பெரியவர்களும் ஒருவரையொருவர் முறைத்த முறைப்பிலேயே செரைனாவுக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பயணம் லேசில் முடியாது என்று.

பாலூ சிகரங்களைக் கடந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் இத்தாலிக்காரர்களின் விடுதியில் தங்கி, பெர்னினா உச்சியைத் தொட்டுத் திரும்புவது திட்டம். வழிகாட்டி செரைனா. பனியில் ஒன்றாகப் பிணைத்துக்கொண்டு நடக்கும் அவள் கயிற்றில் இரண்டு பேர்: மலை ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற டூரி, பாலாடைக்கட்டி செய்யும் பால்சர். இருவருக்கும் ஆர்டெஸ் கிராமத்தில் அடுத்தடுத்த வீடு. தனித்தனியாகப் பதிவு செய்து, ஒரே கயிற்றில் வந்து மாட்டியிருந்தார்கள்.

"ஏம்மா, அந்த ஆளும் வர்றாரா?" என்றார் டூரி.

"வர்றாரு. உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கண்ணே."

"நான் எதுக்குப் போகணும்? அவரைப் போகச் சொல்லு."

பால்சரும் அதையேதான் சொன்னார். இருவரும் போகவில்லை.

பார்லி சூப் குடிக்கும்போது டூரியின் வாயைக் கிளறிக் காரணத்தைத் தெரிந்துகொண்டாள். தேவாலயப் பாடகர் குழுவில் ஒரு ஈஸ்டர் அன்று பால்சரின் சுருதி இறங்கிவிட்டதாம். எல்லார் முன்னாலும் டூரி அதைச் சொல்லிவிட்டாராம். பால்சர் அன்றோடு பாட்டையும் விட்டார், பேச்சையும் விட்டார்.

விடியலில் பனியாற்றில் இறங்கினார்கள். முன்னே செரைனா, நடுவில் டூரி, கடைசியில் பால்சர்.

"கயித்தை இழுக்காம போகச் சொல்லும்மா அவரை," என்றார் பால்சர்.

"ஆமை மாதிரி நடந்தா கயிறு என்ன பண்ணும்னு கேளும்மா," என்றார் டூரி.

இந்தத் தூது வேலைக்குத் தனியாகக் கூலி கேட்க வேண்டும் என்று செரைனா நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. பிளவை மூடியிருந்த பனிப்பாலம் அவளையும் டூரியையும் தாங்கியது; பால்சரின் கனத்தைத் தாங்கவில்லை. பொசுக்கென்று ஆள் மறைந்தார்.

டூரி யோசிக்கவேயில்லை. குப்புற விழுந்து கோடரியைப் பனியில் குத்தி இறுக்கிக்கொண்டார். கயிறு விண்ணென்று நின்றது. கயிற்றைக் கட்ட ஒரு பிடிமானத்துக்காகச் செரைனா பனியைத் தோண்டத் தொடங்கினாள்.

"அண்ணே, நான் கயித்தைக் கட்டுற வரைக்கும் அவர்கிட்டப் பேச்சுக் குடுத்துட்டே இருங்க. நினைவோட இருக்காரான்னு தெரியணும்."

"நான் என்னத்தப் பேச?"

"எதையாவது பேசுங்க!"

டூரி தொண்டையைச் செருமினார். "டேய் பால்சர்! உள்ள குளிருதா?"

"இல்லடா, வெந்நீர்ல குளிச்சிட்டு இருக்கேன்!"

"அடி எதுவும் படலியே?"

"முட்டில சிராய்ப்பு. நீ விட்டுராதடா."

"விடுறதா இருந்தா அந்த ஈஸ்டரப்பவே விட்டிருப்பேன்."

"அன்னிக்கு என் சுருதி சரியாத்தான் இருந்துச்சு!"

"கிழிச்சே. எங்க, இப்பப் பாடு பார்ப்போம்!"

செரைனா தலையில் அடித்துக்கொண்டாள். பிளவுக்குள்ளிருந்து பாட்டு வந்தது. பனிச்சுவர்கள் அந்தக் கட்டைக் குரலை உருட்டி உருட்டி மேலே அனுப்ப, சங்கீதம் தெரியாத அவளுக்கே மயிர்க்கூச்செடுத்தது. டூரி முகத்தைப் பனியில் புதைத்தபடி கேட்டார்.

"இன்னமும் இறங்குதுடா," என்றார்.

"மேல வந்து உன்னை என்ன பண்றேன் பாரு!"

அந்தக் கோபமே பாதி தூக்கிவிட்டது. மீதியைச் செரைனாவும் டூரியும் கப்பி வைத்து இழுத்தார்கள். விளிம்பில் தாடியெல்லாம் பனியாகப் பால்சரின் தலை தெரிந்ததும் டூரி அவர் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டார். இருவரும் மூச்சு வாங்கியபடி அப்படியே கிடந்தார்கள். அடிக்கவில்லை. டூரி சட்டைப் பையிலிருந்து சின்ன மதுக் குப்பியை எடுத்து நீட்டினார்.

"திரும்பிடலாமாண்ணே?" என்று பால்சரைக் கேட்டாள் செரைனா.

"எதுக்கு? கால்தான் நல்லா இருக்கே."

அன்று மாலை இத்தாலி விடுதியில் பொலெந்தா என்ற மக்காச்சோளக் களியைச் சாப்பிட்டபடி இருவரும் பாடினார்கள். நிறுத்தி நிறுத்தித் திருத்தினார்கள், திட்டிக்கொண்டார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மற்ற மேசைக்காரர்கள் முதலில் கைதட்டினார்கள். பிறகு, தூங்க விடுங்கள் என்று கெஞ்சினார்கள்.

மறுநாள் பெர்னினா உச்சியில் காற்றே இல்லை. வெயில் பளிச்சென்று அடித்தது. கீழே தெரியும் பள்ளத்தாக்குகளில் ஆர்டெஸ் எந்தப் பக்கம் என்று இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. இருவரும் காட்டியது தவறான திசை. செரைனா ஒரு பாறையில் சாய்ந்து, ரொட்டியைக் கடித்தபடி, திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.