ஊத்திக்கொண்ட வருஷம்

மச்சான் வைன் குடிக்கிற ஆள் இல்லை. வைனை அணுகுகிற ஆள். கோப்பையின் தண்டைப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்குவார், ஒரு சுற்றுச் சுற்றுவார், மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். சுற்றியிருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க, "மழையில நனைஞ்ச கல்லு... பின்னாடி லேசா குதிரைச் சேணம்" என்பார். அவர் குதிரைப் பக்கம் போனதாக யாருக்கும் தகவல் இல்லை. ஆனாலும் ஊர் வைன் ரசிகர் சபை அவரைத்தான் தலைவராக வைத்திருந்தது.

அவருடைய தங்கை கணவர் பல் செட் செய்கிறவர். பல்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். சபையின் பெரிய நாக்குகளில் பாதி, பல்காரர் வார்த்துக் கொடுத்த ரோஸ் நிறத் தட்டுக்குக் கீழேதான் புரண்டுகொண்டிருந்தன. தலைவரும் அதில் அடக்கம், மேல்வரிசை முழுசாக. அந்தத் தட்டு வாயின் கூரையை அப்படியே மூடிவிடும். ஆக, மச்சானின் புகழ்பெற்ற அண்ணம் ஒரு சொட்டு வைனை நேரில் சந்தித்தே நெடுங்காலம் ஆகிறது. பல்காரர் இதைப் பற்றி மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை. பல் வேறு, பந்தம் வேறு.

அவர் மனசில் ஓடியது வேறு விஷயம். மனைவிக்கு ஐம்பது வயது நிறையப் போகிறது.

அவள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார் கேட்கிற வேலையில் இருந்தாள். நாள் முழுக்க ஊராரின் திட்டை போனில் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் சிரித்த முகமாக வீடு திரும்புகிறவள். பிறந்தநாள் என்றால் மட்டும் நழுவிவிடுவாள். அவள் பிறந்த வருஷம்தான் அப்பாவின் செருப்புக் கடை மூடப்பட்டது. யாரும் அவளைக் குறை சொன்னதில்லை, கேலிதான் செய்தார்கள். அண்ணன் சபையில் அறிமுகப்படுத்துவதே, "இது எங்க வீட்டு நஷ்டம்" என்றுதான். அவர் முடிப்பதற்குள் அவள் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு எப்போதும் நகைச்சுவைக்கு முன்னாலேயே வந்து நிற்பதைப் பல்காரர் மட்டும் கவனித்திருந்தார். வாய் பார்த்துப் பிழைக்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா.

அண்ணன் பிறந்தது வைனுக்கென்றே பெரும்பேறு பெற்ற வருஷம். வருஷா வருஷம் தன் பிறந்தநாளுக்கு அந்த வருஷத்துப் புட்டி ஒன்றைத் திறந்து, திராட்சையை வெயிலில் பழுக்க வைத்ததே தான்தான் என்பதுபோல் ஊற்றிக் கொடுப்பார். அவளுக்கும் அவள் வருஷத்தில் ஒன்று, அதுவும் நல்லதாக, கிடைத்தால்? பல்காரர் கடை கடையாகப் போன் போட்டார். வருஷத்தைச் சொன்னதுமே சிரித்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால், சரிவில் இருந்த கடைக்காரம்மா ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "ஒண்ணு இருக்கு சார், எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் மச்சானிடம் வாயை விட்டுவிட்டார்.

"அந்த வருஷமா? மாப்பிள்ளை, அது ஊத்திக்கிச்சு."

"மொத்தமாவா மச்சான்?"

"அறுவடை முழுக்க மழை. திராட்சை கொடியிலயே ஊறிப்போச்சு. வீட்ல அப்பா கடை ஊத்திக்கிச்சு, வெளியில வைன் ஊத்திக்கிச்சு. அவளுக்குப் பொருத்தமான வருஷம்தான்."

சமையலறையிலிருந்து மனைவியின் சிரிப்பு வந்தது. வழக்கம்போல ஒரு வார்த்தை முந்தி.

பல்காரருக்குத் துணிச்சல் போய்விட்டது. புட்டியைத் திறந்து அது புளித்துப்போயிருந்தால், கேலிக்கு அவரே சாட்சி கொண்டுவந்து வைத்ததுபோல் ஆகும். வேண்டாம் என்று சொல்லிவிடலாமென்று மறுபடி கடைக்குப் போன் செய்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அது ஊத்திக்கிச்சுன்னு சொல்றாங்க."

மறுமுனையில் குரல் உயர்ந்தது. "யாரு சொன்னது? என் கடைக்கு வந்து பாத்தாங்களா? ஒரு சொட்டு ஊத்திக்கல சார். கார்க்கு கல்லு மாதிரி இருக்கு. கழுத்து வரைக்கும் நிக்குது."

"இல்ல மேடம், நான் சொல்ல வந்தது..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நேர்ல வந்து பாருங்க. கசிஞ்சிருந்தா நான் கடையை மூடிடறேன்."

ஒருத்தியின் கடையை மூடவைத்த பாவம் வேறு சேர வேண்டாமென்று அவர் அன்றைக்கே போனார். கடைக்காரம்மா புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். செங்கல் நிறம், கழுத்துவரை. அவர் 'ஊத்திக்கிச்சு' என்றதன் அர்த்தம் புரிந்ததும் அவளுக்குக் கோபம் இறங்கிச் சிரிப்பு வந்தது.

"அட, வருஷத்தையா சொன்னீங்க. அது ஊத்திக்கிட்டதென்னவோ நிஜம்தான். ஆனா இதைப் பண்ணினது ஒரு அக்கா தம்பி. மழை நின்னதும் பழத்தையெல்லாம் மேஜையில கொட்டி, ஒண்ணொண்ணா பொறுக்கியிருக்காங்க. முக்காவாசி குப்பைக்குப் போச்சு. மிஞ்சினது கொஞ்சம்தான். மழைன்னதும் ருசி பாத்துப் பேர் சொல்ற பெரிய மனுஷங்க யாரும் அந்தப் பக்கமே வரல. அதனால இதுக்கு நல்ல பேரும் இல்ல, கெட்ட பேரும் இல்ல."

"நல்லா இருக்குமா மேடம்?"

"தெரியாது. இருக்கறது இது ஒண்ணுதான். திறந்தா தெரியும்."

உத்தரவாதம் கொடுக்காத அந்த வாயின்மேல் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தார்.

பிறந்தநாளன்று சாப்பாட்டு மேஜையில் மூன்றே பேர். புட்டியில் வருஷத்தைப் பார்த்ததும் மனைவியின் முகம் மாறியது. "எதுக்குங்க இதெல்லாம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மச்சான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார். "சரி, ஒரு அனுபவத்துக்கு" என்று கோப்பையைச் சுற்றினார், மூக்கை விட்டார்.

கல்லும் வரவில்லை, சேணமும் வரவில்லை. மூக்கு வெளியே வந்தது. திரும்ப உள்ளே போனது. ஒரு வாய் குடித்தார். எதையோ கைநழுவ விட்டவர்போல் முழித்தார். பிறகு பல்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மேல்வரிசையைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே?" என்றாள் தங்கை.

அவர் ஒரு வாய் எடுத்து, வெறும் வாயில் வெகுநேரம் வைத்திருந்தார். கன்னம் குழிந்துபோன அந்த முகத்தில் சபைத் தலைவர் யாரும் இல்லை.

"நல்லாயிதுக்கு," என்றார்.

"என்ன நல்லாயிருக்கு? கல்லா, சேணமா?" தங்கை விடவில்லை.

"சும்மா இதும்மா. நல்லாயிதுக்கு. அவ்வளவுதான்."

அவளும் குடித்தாள். அவளுக்கு வைன் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இன்னொரு வாய் குடித்தாள். அண்ணன் கோப்பையையே பார்த்துக்கொண்டு, பல்லில்லாத வாயால் மெதுவாகப் பேசினார். அவர் பேச்சில் பாதி எழுத்து வழுக்கியது. யாரும் சிரிக்கவில்லை.

"கடை இருந்தவரைக்கும் நான் அப்பாவைப் பாத்ததே இல்ல. நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி போயிடுவார், தூங்கினப்புறம் வருவார். நீ பொறந்த வருஷம்தான் வீட்ல இருந்தார். உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டே எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருஷம் வேற வேலைக்குப் போயிட்டார். எனக்கு அப்பான்னு இருந்தது அந்த ஒரு வருஷம்தான்."

"இதை ஏண்ணே சொல்லவே இல்ல?"

"நஷ்டம்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. இதைச் சொன்னா என்ன பண்ணுவாங்க?"

மனைவி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். பல்காரர் எழுந்துபோய், ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அண்ணனும் தங்கையும் யார் தோளில் யார் வாந்தியெடுத்தார்கள் என்று தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் போன பிறகு அவள் காலிப் புட்டியைக் கழுவாமல் மேஜைமேலேயே விட்டிருந்தாள்.

"ஏங்க, அடுத்த பிறந்தநாளுக்கும் ஒண்ணு வாங்கிடுங்க."

"அந்தம்மாகிட்ட இருந்ததே ஒண்ணுதானே."

"வேற எங்கயாவது தேடுங்க. அதே வருஷம்தான் வேணும்."

தேடப் போகிற அலைச்சலை நினைத்து அவருக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. "தேடறேன்" என்றார்.