அனைவரும் மேடைக்கு வரவும்

ஏற்காட்டில் பதினோராம் வகுப்பு முடித்து ஐம்பது வருஷம் ஆகிறது, எல்லோரும் ஒருநாள் ஒன்றுகூட வேண்டும் என்று அண்ணாதுரை வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தபோது நானும் சந்தோஷமாகத்தான் சேர்ந்தேன். பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், அதிகாரத்திலிருந்து அல்ல. மறுநாளே விழாக்குழு என்று ஒன்றை அமைத்து, அதற்குத் தலைவராகத் தன்னையே அறிவித்துவிட்டார்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. தங்கம்மாவைப் பார்க்க வேண்டும். நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசியவள் அவள். நான் கல்யாணமாகி ஓசூர் போனேன். அவள் எஸ்டேட்டிலேயே வேலைக்குப் போனாள். அதோடு விட்டுப்போனது. இப்போது என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தபிறகு, சேலத்தில் தனியாக இருக்கிறேன். நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் டிவியைத் திட்டிக்கொண்டிருக்கும் எனக்கு அவள் எவ்வளவு தேவை என்று எனக்குத்தான் தெரியும்.

அவள் மருமகள் தீபிகாவின் நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசினேன்.

"வர்றேன் புள்ள," என்றாள் தங்கம்மா. "ஆனா என்னைய மேடையேத்தக் கூடாது. போன வருசம் எஸ்டேட் விழாவுல நிக்க வெச்சு, கையில ஒரு சேலையக் குடுத்துட்டு, நான் எத்தன கஷ்டப்பட்டேன்னு எனக்கே கத சொன்னாங்க. நொம்ப வெக்கமாப் போச்சு. மேடைன்னா நான் ஊட்ட உட்டே கெளம்ப மாட்டேன்."

அடுத்த வாரம் அழைப்பிதழ் தயாரிக்கக் குழு கூடியது. தலைமை, அண்ணாதுரை. வரவேற்புரை, நான். முன்னிலை என்று நாலு பேரைப் போட்டதும், தன் பேர் அதில் இல்லையென்று பாலகுமார் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார். அவரைச் சமாதானம் செய்து வாழ்த்துரை கொடுத்தால், கோவிந்தராஜுக்கு ஏன் வாழ்த்துரை இல்லை என்று அவர் வீட்டம்மா போன் செய்தார். குத்துவிளக்கு ஏற்ற மூன்று பேர், தீப்பெட்டி எடுத்துக் கொடுக்கப் புவனேஸ்வரி. நன்றியுரைக்கு மட்டும் ஐந்து பேர். யாருக்கு நன்றி சொல்வார்கள் என்று கேட்டேன். மற்ற நாலு பேருக்கு என்றார்கள்.

அப்போதுதான் அண்ணாதுரை தொண்டையைக் கனைத்தார். "ஏனுங்க பார்வதியம்மா, தங்கம்மாவுக்குப் பொன்னாடை போத்தறோமுங்க. ஏழைத் தொழிலாளிய நாம மறக்கலைன்னு தெரியட்டுமுங்க."

"யாருக்குங்க தெரியணும்?"

"பேப்பர்காரங்களுக்குத்தானுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசை மேலிருந்த காப்பியை அவர் மேல் கொட்டியிருப்பேன். ஆனால் எனக்குத் தங்கம்மா வேண்டும். "என்னோட வரவேற்புரைய நீங்களே எடுத்துக்குங்க. நானும் கீழயே உக்காந்துக்கறேன். அவளை மட்டும் உட்டுருங்க," என்றேன்.

வரவேற்புரை காலி என்றதும் தங்கம்மாவை எல்லோரும் மறந்தே போனார்கள். அந்த இடத்துக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டி, கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது.

விழா நாளன்று ஹோட்டல் அரங்கில் வரிசை வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். தங்கம்மா வந்தாள். முடி பஞ்சாக நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

"அனைவரும் மேடைக்கு வரவும்," என்றார் அண்ணாதுரை.

அனைவரும் போனார்கள். நிஜமாகவே அனைவரும். மேடையில் நாற்காலி போதாமல் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். முடிவில் அத்தனை பெரிய அரங்கில் கீழே இருந்தது நாங்கள் இருவர்தான்.

தலைமையுரை ஆரம்பித்தது. நாங்களும் ஆரம்பித்தோம். அவள் மகன் லோகேஷ், என் முட்டிவலி, என் வீட்டுக்காரர் போன விதம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. எத்தனை வருஷமாகத் தேக்கி வைத்த பேச்சு!

மைக் கரகரத்தது. "கீழ பேசிக்கிட்டு இருக்கறவங்க கொஞ்சம் அமைதியா இருக்கோணுமுங்க."

தங்கம்மா என்னைப் பார்த்தாள். "பேசத்தானே புள்ள வந்தோம்? எந்திரி, வெளிய போலாம்."

எழுந்தோம். அண்ணாதுரைக்கு முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த உரை இன்னும் பாதிகூட முடியவில்லை. "ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் போயிட்டா நாங்க யாருக்குங்க பேசறது?"

"மேல இத்தன பேரு இருக்கீங்களேங்க," என்றாள் தங்கம்மா. கேலியே இல்லை அவள் குரலில். "உங்களுக்குள்ள பேசிக்குங்க. அதுக்குத்தானுங்களே கூடுனீங்க?"

நாங்கள் வாசலைத் தாண்டும்போது பாலகுமார் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அணைக்க மறந்த மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க, நீங்க யாருங்க?"