வலது தோளில் ஒரு பூ

கண்ணாடியில் தெரிந்த என் புதுச் சட்டையில் இரண்டு பெரிய நீலப் பூக்கள் இருந்தன. இடது பக்கத்துப் பூ நன்றாக விரிந்து நின்றது. வலது பக்கத்துப் பூ உள்ளே மடிந்து, கசக்கி எறிந்த காகிதம் போல் கிடந்தது. என் நாத்தனார் வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். கண்ணாடியில் அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

"அளவு எடுக்கலையா நீ?" என்றேன்.

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப்பொதியில் குத்தினாள். "பத்தொன்பது வருஷமா உங்களுக்குத் தைக்கிறேன் அண்ணி. உங்க அளவு எனக்கு மனப்பாடம். டேப்பையே தொடல. கை அது பாட்டுக்கு வெட்டிடுச்சு."

ஏழு மாதங்களுக்கு முன் என் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அது அவளுக்குத் தெரியாத விஷயமா என்ன? மருத்துவமனையில் பதினோரு நாள் என் பக்கத்திலேயே கிடந்தவள் அவள். கட்டு மாற்றும்போது என் கணவரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இவள் நர்ஸுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுப்பாள். அவளுக்குத் தெரிந்தது கத்தரிக்கோலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதுவும் அவள் தொழிலில் பெருமையே பூவுக்குப் பூ பொருத்துவதில் இருக்கிறது. இடது பக்கம் ஒரு பூ விழுந்தால் வலது பக்கம் அதே உயரத்தில் அதே பூ விழ வேண்டும். அதற்காக முழுத் துணியையும் தரையில் விரித்து, மண்டியிட்டு, அரை நாள் தடவிக்கொண்டிருப்பாள். என் சட்டைக்கும் அப்படித்தான் தடவியிருக்கிறாள்.

பெரிய பூ என்றால் அவளுக்கு உயிர். பூ இல்லையென்றால் சிறுத்தைப் புள்ளி, அதுவும் இல்லையென்றால் கட்டைவிரல் தடிமனில் கோடு. தையலறைச் சுவர் முழுக்கப் பழைய ஃபேஷன் பத்திரிகைகளின் பக்கங்கள் ஒட்டியிருக்கும். பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாக அள்ளி வருவாள். அந்த வெளிநாட்டு டிசைனர்களின் பெயர்களை அவள் உச்சரிக்கும் விதத்தை அவர்கள் கேட்டால் பெயரை மாற்றிக்கொண்டுவிடுவார்கள். ஆனால் எந்தக் காலர் எந்தக் காலத்தில் வந்தது, எந்தக் கை எப்போது உப்பி எப்போது சுருங்கியது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான் நேர் எதிர். கணக்கு டீச்சர். சாம்பல், பழுப்பு, மிஞ்சிப்போனால் கருநீலம். நான் போர்டு பக்கம் நின்றால் டீச்சரைத் தேட வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியும்.

அவளிடம் ஒரு கோட் உண்டு. கருப்புப் பட்டு, அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்புப் பூக்கள். அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ தைத்தது. இரண்டு ஊர் தள்ளி ஒரு பழைய துணிக்கடையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போய் வாங்கி வந்தாள். அதைப் போட்டுக்கொண்டு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, "சோபா உறை ஒண்ணு கிளம்பி வருது பாருங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். வாசலிலேயே அது அவள் காதில் விழுந்துவிட்டது. "சோபா இருக்கற வீட்டுக்குத்தான் அண்ணி நாலு பேரு வருவாங்க" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

இந்த முறை பூப்போட்ட துணிக்கு நான் ஒப்புக்கொண்டதே அவள் சொன்ன ஒரு வாதத்தால்தான். "பிளெயின் துணி சரியான கோள்சொல்லி அண்ணி. உள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு ஒண்ணு விடாம சொல்லிடும். பூப்போட்டது வாயைத் திறக்காது" என்றாள். மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் மார்பை வைத்தும் பார்த்தேன். வீட்டில் பீரோக் கதவைக் கரும்பலகையாக நினைத்துக் கையைத் தூக்கி எழுதிப் பார்த்தபோது அது மெல்ல மேலேறித் தோள்பட்டைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் சிரித்தேன். பிறகு பீரோவில் முகத்தை வைத்து அழுதேன். திங்கட்கிழமை நான் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். சட்டையைப் போட்டுப் பார்த்த அன்று சனிக்கிழமை.

"விடு" என்றேன். "எதைப் போட்டுக்கிட்டுப் போனாலும் நாப்பது பிள்ளைங்க கண்ணும் இங்கதான் நிக்கும். வேலைய விடறேன்னு லெட்டர் எழுதிப் பையில வெச்சிருக்கேன். திங்கக்கிழமை குடுத்துட்டு வந்துடறேன்."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியில் ஏறி, மேல் வரிசையிலிருந்து ஒரு பக்கத்தை நகத்தால் கிள்ளி எடுத்தாள். ஓரமெல்லாம் மஞ்சளேறிய கருப்பு வெள்ளைப் படம். நீளக் கழுத்துள்ள ஒருத்தி தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் உடையில் ஒரே ஒரு பூ. ஒரு தோளில் தொடங்கி நெஞ்சை அடைத்துக்கொண்டு இறங்குகிறது. மறுபக்கம் வெறும் துணி.

"தினமும் இது மூஞ்சிலதான் முழிக்கிறேன்" என்றாள். "ஒரு பக்கம் இருக்கு, ஒரு பக்கம் இல்ல. தெச்சவன் கண்ணு தெரியாமலா தெச்சான்? வேணும்னே பண்ணிருக்கான். நான்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு உங்க சட்டையோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

தன் பீரோவைத் திறந்து அந்தப் பட்டுக் கோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். எதற்கென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வேண்டாம்டி. உன் உசிரு அது."

"நீலத் துணில மிச்சம் இல்ல அண்ணி. இருந்தாலும் அவ்வளவு பெரிய பூவுக்கு எங்க போறது?"

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். பட்டுத் துணியை ஒருமுறை தடவினாள். அப்புறம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டேப்பை எடுத்தாள். தோளிலிருந்து இடுப்புக்கு, கழுத்திலிருந்து அக்குளுக்கு, தழும்பின் மேலாக அப்படியே குறுக்கே. அளவு நோட்டில் என் பெயர் போட்ட பக்கத்தைத் திருப்பினாள். பத்தொன்பது வருடத்து எண்களை ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதத் தொடங்கினாள். எழுதும்போது வழக்கம்போல வாய்விட்டுச் சொன்னாள். கை நீளம் இருபத்தொன்று. இடது பக்கம் பதினொன்று. வலது பக்கம் எட்டரை. கை நீளத்தைச் சொன்ன அதே குரல்தான் எட்டரைக்கும். இந்த ஏழு மாதமாக அந்தப் பக்கம் வரும்போது எல்லாருமே குரலைத் தாழ்த்தினார்கள், டாக்டர் உட்பட. அவள் தாழ்த்தவில்லை. கூடப் பிறந்தவள் இருந்திருந்தாலும் இதைச் செய்திருப்பாளா என்று தெரியவில்லை.

"சோபா உறைன்னு சொன்னேனே, அத மனசுல வெச்சுக்காத. நீ எனக்குப் பண்ணினதுக்கெல்லாம் நான் எப்படி..."

"ஆடாம நில்லுங்க அண்ணி. ஊசி குத்திடும்."

ஞாயிறு சாயங்காலம் அதே சட்டையை வலது பக்கம் மட்டும் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மார்புக்கென்று மடித்துப் பிடித்த தையல் எதுவும் அந்தப் பக்கம் இல்லாமல், தோளிலிருந்து துணி தானாக விழுந்தது. அந்தத் தோளிலேயே கோட்டின் பூ உட்கார்ந்திருந்தது, கீழே இருந்த நீலப் பூவை மூடிக்கொண்டு, ரத்தச் சிவப்பில், ஒரு இதழ் கழுத்தைத் தொட்டபடி. தண்டை மட்டும் கோட்டின் வேறொரு இடத்திலிருந்து வெட்டி ஒட்டுப்போட்டு, முதுகுப் பக்கமாகச் சுற்றி எங்கோ கொண்டுபோயிருந்தாள். என் கணவர் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார். ஒரு நிமிடம் கழித்து, அந்தப் பக்கத்தை நேராகப் பார்த்தே, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தபோது வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். ரப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். லெட்டர் பையில் இருந்தது. வணக்கம் சொல்ல எழுந்த பிள்ளைகள் உட்காரவில்லை. நாற்பது பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பயந்த இடத்தைத்தான் பார்த்தார்கள்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள். வாய் ஓயாததால் ஆசிரியர்கள் அறையில் அவளுக்கு வானொலி என்று பெயர். அவள்தான் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அந்தப் பூவோட தண்டு எங்க போகுது?"

"என்ன?"

"இல்ல, தோள்ல பூ இருக்கு. தண்டு பின்னாடி போகுது. முதுகுல முடியுதா, சுத்தி வருதா? இவ சுத்தி வருதுங்கறா, நான் இல்லங்கறேன். கொஞ்சம் திரும்புங்களேன் டீச்சர்."

முதல் வரிசைப் பிள்ளைகள் கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பதிவேட்டை மேஜையில் வைத்தேன். கை மறைக்கக்கூடாதே என்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டேன். வலது கை காதைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் இழுத்தது, போனது. மெல்லத் திரும்பினேன். கரும்பலகை வந்தது, ஜன்னல் வந்தது. எனக்குப் பின்னால், சரியாகத் தெரியவில்லை என்று கடைசி வரிசை முழுவதும் பெஞ்சின் மேல் ஏறும் சத்தம் கேட்டது.