வீட்டுக்கு ஒரு கட்டை

பாம்பு கடித்துத் தன் மருமகள் இத்வாரின் செத்துவிட்டாள் என்று, ஊர்க்காவல் பார்க்கும் கோட்வார் புசாவுக்கு ஊர்த்தலைவரான படேல் தன்சாய் ஆள் அனுப்பினார். முற்றத்தில் கிடந்தவளைக் கழுத்துவரை துணியால் இழுத்துச் சுற்றியிருந்தார்கள். பூப்போடக் குனிந்த புசாவ், காதுக்குக் கீழே கன்றிப்போன கயிற்றுத் தடத்தைப் பார்த்துவிட்டான்.

அந்த வீட்டில் மற்றவர்கள் அவனை வாசலோடு விரட்டுவார்கள். 'வெயில்ல நிக்கிறீங்களே சித்தப்பா' என்று செம்பில் தண்ணீர் நீட்டியவள் இவள் ஒருத்திதான்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? தம்பட்டம் அடிச்சு கட்டைக்குச் சொல்லு" என்றார் படேல்.

"பாம்புக்கடின்னாலும் ஸ்டேஷன்ல உடனே சொல்லணுமே, மாலிக்" என்றான் புசாவ் எஜமானிடம்.

"எரிச்சிட்டுப் போய்ச் சொல்லேன், யாரு வேணாம்னா? கோட்வார் நிலத்து நெல்லு உனக்குக் கசக்குதா?"

வாய்ச்சவடால் இல்லை அது. படேல் நினைத்தால் வேலையும் போகும், அதோடு வந்த நிலமும் போகும். ஆனால் எரித்த பிறகு போய் எந்தக் கழுத்தைக் காட்டுவது?

மகாநதிக் கரையில் அவர்கள் ஊரில் யார் செத்தாலும் சிதைக்கு வீட்டுக்கு ஒரு கட்டை விறகு வரும். சாவு வீட்டு விறகு சிதையில் படக்கூடாது. கோட்வாரின் தம்பட்டம் கேட்காமல் கட்டை தூக்கினால் தன் வீட்டுக்கே சாவை அழைப்பதாக அர்த்தம்.

"மேலத்தெருவுலேர்ந்து ஆரம்பிக்கிறேன், மாலிக்" என்று புசாவ் தம்பட்டத்தைத் தோளில் மாட்டினான். மேலத்தெருவையும் தாண்டி, போலீஸ் ஸ்டேஷன்வரை ஓட்டமும் நடையுமாகப் போனான். குச்சி தோலில் படவே இல்லை.

"தம்பட்டத்தோட வந்திருக்கியே, யாருக்குய்யா கல்யாணம்?" என்று சிரித்தார் ஏட்டு. அவன் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தொப்பியை எடுத்தார்.

ஜீப் வந்து நின்றபோது முற்றத்திலேயே கிடந்தாள் இத்வாரின். ஒரு சுள்ளிகூட வந்திருக்கவில்லை.

"ஊரக் கூப்பிடச் சொன்னா போலீஸக் கூட்டிட்டு வந்திருக்கியேடா, பாவி!"

"மொதல்ல யாரக் கூப்பிடணுமோ அவங்களக் கூப்பிட்டேன், மாலிக்."

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு திரும்பியது. போலீஸ் பிடித்துப்போன படேலும், அவள் புருஷனான மகனும் திரும்பவில்லை. புசாவ் அப்போதுதான் தெருத்தெருவாகத் தம்பட்டம் அடித்தான். கதவுகள் திறந்தன, ஆனால் படேலுக்குப் பயந்து யாரும் படியிறங்கவில்லை.

தாழ்ந்த சாதி என்று கோட்வார் வீட்டுக் கட்டையை அந்த ஊர் என்றைக்கும் சிதையில் சேர்த்துக்கொண்டதில்லை. புசாவ் தன் கொல்லையிலிருந்து ஒரு கட்டையைத் தூக்கிவந்து சுடுகாட்டில் போட்டான். "தண்ணி குடுத்த கையாச்சே, தாயி" என்று வாய்விட்டு அழுதான்.

அவன் கட்டையின் மேலேயே மேலத்தெரு வீட்டுக் கட்டை ஒன்று வந்து விழுந்தது.